சேறு காய்வதற்குள்

பிப்ரவரியில் மேகாலயக் குகைகளுக்குக் கிளம்பும் பதினோரு பேருக்கு,

என் முழங்கால் இந்த வருடம் எனக்குக் கட்டாய விடுப்பு கொடுத்துவிட்டது. குவாஹாட்டி ரயிலில் உங்களோடு நான் இல்லை. நீங்கள் போட்ட பொறுப்புப் பட்டியலைப் பார்த்தேன். கயிறு, ஹெல்மெட், முதலுதவிப் பெட்டி, அரிசி, பருப்பு, ஆவக்காய் ஊறுகாய் வரைக்கும் ஆள் போட்டிருக்கிறீர்கள். லாக் புக்குக்கு எதிரே மட்டும் ஒரு கோடு. மூன்று வருடமாக அந்த இடத்தில் என் பெயர் இருந்தது. இப்போது யாரைக் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவரைக் கை காட்டுகிறீர்களாம்.

அதனால் ஒருவருக்கு எழுத வேண்டியதைப் பதினோரு பேருக்கும் எழுதுகிறேன். ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்ற பத்துப் பேரும் ‘அது அவர் வேலை’ என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் பிறகு தட்டச்சு செய்வதும் ஒருவர் வேலை. எழுதுவது குகைக்குள் போய்வந்த ஒவ்வொருவர் வேலையும்தான்.

என் அப்பா ஒரு தாலுகா அலுவலகத்தில் ஜீப் ஓட்டினார். அந்த ஜீப்பிலும் ஒரு லாக் புக் உண்டு. புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், மீட்டர் ரீடிங், போன காரியம், அதிகாரி கையெழுத்து. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பா திண்ணையில் உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே மூச்சில் நிரப்புவார். ஒரே மை, ஒரே சாய்வு. எந்தத் தேதிக்கு எந்த ஊர் என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்வார். அம்மா, ‘அன்னைக்கு நீங்க வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வந்தீங்க, அப்ப அது சந்தைக்கிழமை’ என்று கணக்குச் சொல்வார். அப்பாவைக் குறை சொல்ல வரவில்லை. அந்த நோட்டை இனி ஒரு மனிதர் விரித்துப் படிக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

நம் நோட்டின் கதை வேறு. ஏழு வருடம் கழித்து யாரோ ஒருவர் அதன் ஒரு வரியை நம்பி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குவார்.

நான் அந்த மாதக் கடைசி வேலையைச் செய்து மாட்டிக்கொண்ட கதையை உங்களில் நான்கு பேர் அறிவீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் முதல் வருடம். ஜைந்தியா மலையில், ஷ்நோங்ரிம் முகட்டில் ஒரு குகை. வாசலிலிருந்து இரண்டு மணி நேரம் உள்ளே, நீந்திக் கடக்க வேண்டிய ஒரு குளத்துக்கும் தோள் உரசும் ஒரு இடுக்குக்கும் அப்பால், இடப்பக்கம் ஒரு கிளை பிரிந்தது. கூட வந்த இருவரும் முக்கியப் பாதையை அளந்துகொண்டிருந்த நேரத்தில் நான் அந்தக் கிளைக்குள் தவழ்ந்து போனேன். இருபது, இருபத்தைந்து மீட்டர். அதற்கு மேல் களிமண் கூரை வரைக்கும் அடைத்துக் கிடந்தது. காற்றோட்டமும் இல்லை. திரும்பிவிட்டேன். அன்று ராத்திரி முகாமுக்கு வந்தபோது பத்தரை. சுடுசோறும் டாலும் சாப்பிட்ட பிறகு கண் சொருகியது. ‘நாளைக்கு எழுதிக்கலாம்’ என்றேன். நாளைக்கு வேறு குகை. அதற்கு மறுநாள் வேறொன்று. நான்காம் நாள் நோட்டை எடுத்து, ‘முக்கியப் பாதை அளந்தோம், நன்றாகப் போகிறது. இடப்பக்கம் ஒரு கிளை இருக்கிறது’ என்று எழுதினேன். நான் அதற்குள் போனதையும், அது அடைத்துக் கிடப்பதையும் எழுதவில்லை. எனக்குத்தான் தெரியுமே!

மறு வருடம் நான் மலையின் இன்னொரு பக்கம் வேலையாக இருந்தேன். நான்கு பேர் அந்த வரியைப் படித்துவிட்டு, குளத்தை நீந்தி, இடுக்கில் மூட்டைகளை இழுத்துத் தள்ளி, அளவுக் கருவிகளோடு அந்தக் கிளைக்குப் போனார்கள். ஒன்பது மணி நேரம். ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கிளையின் கடைசியில், களிமண்ணில் ஒரு பூட்ஸ் தடம் இருந்தது. வலது குதிகாலில் ஒரு கட்டை மட்டும் விழுந்துபோன தடம். அதைப் படம் எடுத்து வந்து, சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னிலும் என் பூட்ஸைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். குகைக்குள் மழையும் வெயிலும் இல்லை. யாரும் மிதிக்காத இடத்தில் தடம் அப்படியே கிடக்கும். நான் எழுதாததைக் களிமண் எழுதி வைத்திருந்தது.

ஆகவே முதல் வேண்டுகோள்: வெளியே வந்த அன்றே எழுதுங்கள். உடம்பில் சேறு காய்வதற்குள் என்று நான் சொன்னால் கேலி செய்கிறீர்கள். சரி, குளித்துவிட்டே எழுதுங்கள். தூங்கி எழுந்து எழுதாதீர்கள், அவ்வளவுதான். நான் பார்த்தவரை தூக்கம் இரண்டு விஷயத்தை அழித்துவிடுகிறது. ஒன்று இடது வலது. மற்றது, எதற்காகத் திரும்பினோம் என்ற காரணம்.

புதிதாக வரும் மூவருக்காக ஒரு விளக்கம். சர்வே நோட்டு வேறு, லாக் புக் வேறு. சர்வே நோட்டு உள்ளேயே எழுதப்படுவது: தண்ணீரில் ஊறாத காகிதம், பென்சில், ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் அடுத்த நிலையத்துக்கு உள்ள தூரம், திசை, சரிவு, பக்கச் சுவர்களுக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளி, ஒரு கைப்படம். இவற்றைக் கணினியில் ஏற்றினால் குகையின் எலும்புக்கூடு கிடைக்கும். லாக் புக் முகாமில் எழுதப்படுவது. யார் யார் போனார்கள், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே, என்ன பார்த்தார்கள், என்ன பார்க்காமல் வந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள். எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை அடையாளம் காண முடியாது.

எப்படி எழுதக் கூடாது என்பதற்கு என் வரியையே காட்டிவிட்டேன். எப்படி எழுதலாம் என்பதற்குப் போன வருட நோட்டிலிருந்து ஒரு பதிவு. எழுதியவர் உங்களில் ஒருவர், பெயர் சொன்னால் கூச்சப்படுவார்:

‘பிப்ரவரி 11. உள்ளே காலை 10.20, வெளியே மாலை 6.45. மூன்று பேர். கீழ்வாசல் வழி. ஓடையில் தண்ணீர் முழங்கால் வரை, போன வாரத்தைவிட நான்கு விரற்கடை குறைவு. பெரிய மண்டபத்தில் விழுந்து கிடக்கும் பலகைப் பாறைக்கு வலப்பக்கம் தவழ்ந்தால் ஒரு பொந்து. 4 மீட்டர் போனதும் உயரம் ஒரு முழம்தான். காற்று உள்ளிருந்து முகத்தில் அடிக்கிறது. மண்ணில் தடம் இல்லை. தோள் பிடித்ததால் நான் மேலே போகவில்லை. ஒல்லியானவர் போகலாம். இரண்டாவது இறக்கத்தில் 8 மீட்டர் கயிறு விட்டு வந்திருக்கிறோம். ஒருவருக்குக் குளிர் நடுக்கம் வந்ததால் அளக்காமல் கிளம்பினோம்.’

இலக்கியமாக இல்லைதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு நாளைக்கே நான் அந்தப் பொந்துக்குப் போய்விடுவேன். விரற்கடையும் முழமும் அளவா என்று ஒருவர் கேட்டார். அளக்காத இடத்தில் அளந்த மாதிரி 47 சென்டிமீட்டர் என்று எழுதுவதைவிட முழம் யோக்கியமான சொல். கண்ணால் மதித்தது என்பது அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

அந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்தது ‘மேலே போகவில்லை’ என்ற இரண்டு சொல். எல்லோரும் கண்டுபிடித்ததை எழுதிவிடுவீர்கள். அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குகைக்கு வேண்டியது விட்டு வந்ததன் கணக்கு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் குகை மன்றத்துக்காரர்கள் 1976 முதல் ஆஸ்திரியாவின் டோட்டஸ் கெபிர்கே மலைக்குக் கோடையில் போய்வருகிறார்கள். அது சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். ஆகஸ்டிலும் குகை வாசல்களில் பனி அடைத்துக் கிடக்கும். அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பார்த்துவிட்டுப் போகாமல் விட்ட ஒவ்வொரு பொந்துக்கும் கேள்விக்குறி என்று பெயர் வைத்து, எண் கொடுத்து, ஏ, பி, சி என்று தரம் பிரித்து வைப்பார்கள். ஏ என்றால் நடந்தே போகலாம், ஏன் விட்டோம் என்று நமக்கே தெரியவில்லை என்கிற ரகம். சி என்றால் வேறு வழியே இல்லாதபோது போய்ப் பார்க்கலாம். மாணவர்கள் படித்து முடித்துப் போய்விடுவார்கள், புது மாணவர்கள் வருவார்கள். அந்தப் பட்டியலும் லாக் புக்கும்தான் அங்கே மாறாத ஆட்கள். தங்களுடைய பழைய கையெழுத்து நோட்டுகளைத் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். தனித்தனிக் குகைகளாக நினைத்தவை ஒன்றோடொன்று இணைந்து அங்கே இப்போது 100 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரே அமைப்பாகிவிட்டன. நாம் அளவுகளை ஏற்றும் சர்வெக்ஸ் மென்பொருளும் அந்த மன்றத்தில் பிறந்ததுதான்.

நம் மேகாலயாவும் சளைத்ததில்லை. 1992 முதல் உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் சேர்ந்து வறண்ட மாதங்களில் இறங்கியதில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகள் பதிவாகியிருக்கின்றன. லியாத் ப்ராஹ் குகை 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மாவ்சின்ராம் பக்கத்து க்ரெம் பூரியை 2018இல் அளந்தபோது அது 24.5 கிலோமீட்டர். மணற்கல் குகைகளில் உலகிலேயே நீளமானது அதுதான். க்ரெம் என்றால் காசி மொழியில் குகை. ‘க்ரெம் பூரி குகை’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ‘நடு சென்டர்’ ஞாபகம் வரும்.

இனி தட்டச்சுக்கு வருகிறேன்.

‘படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுபோலவே இருக்கும். படி எடுத்தவர் தனக்குத் தோன்றியதை எழுதிவிடுவார். குகை நோட்டில் அந்த வேலையை 1, 7 என்ற இரண்டு எண்கள் செய்கின்றன.

போன வருடத்துக்கு முந்தைய வருடம். அன்று லேசர் கருவியின் பேட்டரி உயிரை விட்டதால் பழைய டேப்பையும் காம்பஸையும் கொண்டு அளந்தார்கள். எண்களைக் குறித்தவர் நம்மோடு வந்திருந்த ஐரோப்பிய நண்பர். அவர்கள் ஊரில் 1க்கு மூக்கு நீளமாக இருக்கும். 7க்கு நடுவே ஒரு கோடு போடுவார்கள். நோட்டில் அந்த இடத்தில் சேறு. கோடா சேறா என்று தெரியவில்லை. ராத்திரி ஜெனரேட்டர் நிற்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் 117 பாகை என்பதை நான் 177 என்று தட்டிவிட்டேன். அந்தப் பாதை சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேர வேண்டும். படத்தில் அது சேரவில்லை. 14 மீட்டர் விலகி நின்றது. அறுபதுக்கு மேற்பட்ட அளவுகளில் தப்பு எதில் என்று கண்டுபிடிப்பது? இரண்டு பேர் இரண்டு ராத்திரி எல்லா எண்களையும் நோட்டோடு ஒப்பிட்டோம். நோட்டைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தன. நான் 177 என்று நம்பியே பார்த்ததால் எனக்கு 177தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் லாக் புக்கை எடுத்தேன். அதே பயணத்தைப் பற்றி அதில் கூட வந்த பெண் எழுதிய ஒரு வரி: ‘இந்த இடம் ரயில் பிளாட்பாரம் மாதிரி நேராகப் போகிறது. கடைசியில் நின்ற என் விளக்கு முதலில் போனவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.’ நேரான பாதையில் எங்கிருந்து வந்தது 60 பாகை வளைவு? அந்த ஒரு அளவின் நீளமும் 14 மீட்டர். 60 பாகை திருப்பினால் அதன் முனை சரியாக 14 மீட்டர் தள்ளிப்போகும். பள்ளிக்கூடத்துச் சமபக்க முக்கோணம். 177ஐ 117 ஆக்கினேன். வளையம் மூடிக்கொண்டது.

அந்த வரியை எழுதியவருக்கு அது சர்வேக்கு உதவும் என்று தெரியாது. பார்க்க நன்றாக இருந்ததால் எழுதினார். எது உதவும் என்று எழுதும்போது யாருக்கும் தெரிவதில்லை. அதனால் ‘இதெல்லாம் எதற்கு’ என்று வெட்டாதீர்கள். தட்டச்சு செய்பவர் கட்டாயம் வெட்டக் கூடாது. போன முறை ஒருவர் உதவிக்கு வந்து, நோட்டிலிருந்த பேச்சுவழக்கையெல்லாம் ‘சரி’ செய்து, கேலிகளை நீக்கி, அழகான அறிக்கை மாதிரி தட்டிக் கொடுத்தார். எல்லாப் பயணமும் ஒரே ஆள் போன மாதிரி இருந்தது. நன்றி சொல்லிவிட்டு முதலிலிருந்து நானே மறுபடி தட்டினேன். யார் பயந்தவர், யார் எதையும் பெரிதாகச் சொல்பவர் என்பது மொழியில் இருக்கிறது. பெரிதாகச் சொல்பவர் ‘பெரிய மண்டபம்’ என்றால் நான் பாதியாகக் குறைத்துக்கொள்வேன். மொழியைத் துடைத்துவிட்டால் எதைக் குறைப்பது?

தட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். நோட்டு ஓடையில் விழலாம், எலி கடிக்கலாம், ஜீப்பின் மேலிருந்து பறக்கலாம். படம் எடுத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். பிறகு ஒருவர் வாசிக்க, மற்றவர் தட்டட்டும். தனியாகத் தட்டினால் கண் தனக்குப் பிடித்ததைப் படிக்கும், அதை 177 எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. புரியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல், புரியவில்லை என்று சதுர அடைப்புக்குள் போடுங்கள். எழுதியவர் அதே முகாமில் பல் தேய்த்துக்கொண்டிருப்பார், போய்க் கேளுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு கேட்டால் அவருக்கே அவர் கையெழுத்து புரியாது. எல்லாவற்றையும் திரும்பி வந்து செய்யலாம் என்று தள்ளிப்போட்டு, முதல் வருட நோட்டை நான் தட்டி முடித்தது தீபாவளிக்கு. அதில் பதினாறு இடத்தில் சதுர அடைப்பு இருக்கிறது.

தட்டச்சு என்றால் எடுபிடி வேலை என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகை, உலகிலேயே நீளமானது. பக்கத்து ஃப்ளின்ட் ரிட்ஜ் குகைகள் அதோடு சேருமா என்று பல வருடம் தேடினார்கள். வில் குரோதர், பாட்ரிசியா குரோதர் இருவரும் அந்தத் தேடலில் இருந்தவர்கள். இருவரும் கணினி நிரல் எழுதுபவர்கள். சேறு படிந்த சர்வே நோட்டுகளை வீட்டு வரவேற்பறையில் ஒரு டெலிடைப் இயந்திரத்தில் உட்கார்ந்து தட்டுவார்கள். அது தொலைபேசி வழியே வில்லின் அலுவலகக் கணினியோடு இணைந்திருந்தது. அந்த எண்களிலிருந்து வரைபடங்கள் வந்தன. 1972இல் பாட்ரிசியா ஒரு குறுகிய இடுக்கில் நுழைந்து போனார். அந்த வழியாகப் போன குழு அப்பால் ஒரு சுவரில் ‘பீட் ஹெச்’ என்று கீறியிருப்பதைப் பார்த்தது. பக்கத்தில் ஒரு அம்புக்குறி. மாமத் பக்கத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன் துருவிப் பார்த்த பீட் ஹான்சன் என்பவரின் பெயர் அது. செப்டம்பர் 9 அன்று இரண்டு குகைகளும் ஒன்றானது உறுதியாயிற்று. தண்ணீருக்குள் நடந்துபோன அவர்களுக்கு எதிரே தெரிந்தது, சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்ட கைப்பிடிக் கம்பி.

வில் குரோதர் மூன்று நான்கு வருடம் கழித்து, தன் பெண்கள் விளையாடுவதற்காக ஒரு கணினி விளையாட்டு எழுதினார். படமே கிடையாது, எல்லாம் எழுத்து. ‘வடக்கே போ’ என்று தட்டினால் அடுத்த அறை எப்படி இருக்கிறது என்று சொல்லும். அந்த அறைகள் பெட்குவில்ட் என்ற உண்மையான குகைப் பகுதியின் அறைகள். ‘அட்வென்ச்சர்’ என்று பேர் பெற்ற அதுதான் பிறகு வந்த எழுத்து விளையாட்டுகளுக்கெல்லாம் மூதாதை. டெலிடைப்பில் நோட்டைத் தட்டிய கை எழுதிய விளையாட்டு அது.

பீட் ஹான்சனைப் பார்த்து நீங்களும் சுவரில் கீற வேண்டாம். அவருக்கு நோட்டுத் தர ஆள் இருந்ததோ என்னவோ. உங்களுக்கு நான் மூன்று அனுப்புகிறேன்.

பெயர் விஷயம். போன வருடம் ஒரே குகை நம் நோட்டில் மூன்று பெயரில் இருந்தது. ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒருவர் பழைய வரைபடத்தில் பார்த்ததை எழுதினார். மூன்றாமவர் தான் வைத்த செல்லப்பெயரை எழுதினார். தட்டும்போது நான் மூன்று குகை என்றே நினைத்தேன். உங்களுக்கு முன்னால் அந்த வாசலைப் பார்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். தேன் எடுக்கப் போனவர்கள், மாடு தேடிப் போனவர்கள். அவர்களிடம் கேட்டு, அவர்களில் எழுதத் தெரிந்தவர் கையாலேயே குகையின் பெயரை நோட்டில் எழுதி வாங்குங்கள். ஊர்த் தலைவரைப் பார்க்கப் போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள். ஜைந்தியா பக்கம் அவரை வாஹெ ஷ்நோங் என்பார்கள். வெற்றிலையும் பாக்கும் கொடுப்பார்கள், க்வாய் என்று பெயர். பாக்கு ஈரப்பாக்கு, நம் ஊர்க் களிப்பாக்கை நினைத்து வாயில் போட்டால் தலை சுற்றி, காது சூடாகும். நான் போட்டேன். அன்றைய பதிவில் அதுவும் இருக்கிறது. வழி சொன்னவர் பெயரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் எழுதுங்கள். ‘உள்ளூர்க்காரர் ஒருவர் காட்டினார்’ என்று எழுதாதீர்கள். நம் பெயர் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும்போது அவர் மட்டும் ஏன் ‘ஒருவர்’?

தட்டி முடித்த பிரதி ஒன்று அந்த ஊருக்குப் போக வேண்டும். இதை நாம் இதுவரை ஒரே ஒரு முறைதான் செய்திருக்கிறோம், வெட்கமாக இருக்கிறது. அந்த மலைகள் சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் உள்ளவை, தோண்ட வருகிறவர்கள் உண்டு. கீழே என்ன இருக்கிறது என்ற விவரம் மேலே வாழ்கிறவர்கள் கையில் இருப்பது நல்லது. ஆனால் வாசல்களின் ஜி.பி.எஸ். எண்களைக் கண்ட இடத்தில் பகிர வேண்டாம். வௌவால்கள் அடையும் வாசல்களை முக்கியமாக.

பார்த்த உயிரினங்களை எழுதும்போது இடத்தையும் எழுதுங்கள். 1922இல் ஸ்டான்லி கெம்ப்பும் பி. சோப்ராவும் காரோ மலையின் சிஜு குகையில் உயிரினங்களைச் சேகரித்தார்கள். 1924இல் அது அச்சாயிற்று. ஒவ்வொன்றும் வாசலிலிருந்து எத்தனை அடி உள்ளே கிடைத்தது என்று குறித்து வைத்தார்கள். நூறு வருடம் கழித்தும் அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு போய்த் தேட முடிகிறது. ‘உள்ளே ஒரு வெள்ளை மீன் பார்த்தோம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது டீக்கடைச் செய்தி. ஜைந்தியாவின் உம் லடாவ் குகையில் பார்த்த வெளிறிய மீன்கள் 40 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமானவை என்று 2019இல் உலகுக்குத் தெரியவந்தது. நிலத்தடி மீன்களில் இவ்வளவு பெரியது வேறெங்கும் இல்லை. 2023இல் நியோலிசோகைலஸ் ப்னார் என்று பெயர் வைத்தார்கள், அங்கே வாழும் ப்னார் மக்களின் பெயரால். உங்களுக்கு மீன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே, எத்தனை, கையளவா முழங்கையளவா, விளக்கைக் கண்டு விலகியதா என்று எழுதத் தெரிந்தால் போதும்.

பயத்தையும் எழுதுங்கள். இதில் ஆண்கள் ரொம்ப மோசம். ‘நேரமாகிவிட்டதால் திரும்பினோம்’ என்று நோட்டில் இருக்கும். கூடப் போனவரைத் தனியாகக் கேட்டால், தண்ணீரின் சத்தம் மாறியது, வயிற்றைக் கலக்கியது, ஓடி வந்துவிட்டோம் என்பார். தண்ணீரின் சத்தம் மாறியது என்பது அடுத்து அங்கே போகிறவருக்கு உயிர் காக்கும் செய்தி. ‘நேரமாகிவிட்டது’ அவரைக் கூடுதல் பேட்டரியோடு அனுப்பும், அவ்வளவுதான்.

உள்ளே போகும் முன் பலகையில் எழுதும் திரும்பும் நேரத்தைப் பற்றி உங்கள் தலைவர் சொல்லிவிடுவார். நான் கேட்பது ஒன்றுதான். வந்ததும் பலகையில் அழிப்பதற்கு முன் அந்த நேரத்தை நோட்டில் ஏற்றிவிடுங்கள். பலகை நம்மைத் தேடுவதற்கு, நோட்டு நினைவுக்கு.

பார்சல் கிளம்பிவிட்டது. தடித்த அட்டை போட்ட கோடு போட்ட நோட்டு மூன்று, இரண்டு போதும், ஒன்று சமையலறைக் கணக்குக்காக யாராவது திருடுவதற்கு. பென்சில் ஒரு டஜன், பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஓடிவிடும். ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பா, மூடி இறுக்கமாக இருக்கும். நோட்டு சாப்பாட்டு மேசையில் இருக்கட்டும், யாருடைய கூடாரத்துக்குள்ளும் போகக் கூடாது. சாப்பாடு வைக்கும் அக்காவிடம் சொல்லிவையுங்கள். என்னைப் பார்த்து அவர், ‘நோட்டில் எழுதியாயிற்றா’ என்று சைகையில் கேட்டுவிட்டுத்தான் இரண்டாவது கரண்டி சோறு போடுவார். நான் செய்து வைத்த ஏற்பாடு அது. இந்த வருடமும் வேலை செய்யும்.

கடைசியாக ஒன்று, இது இரண்டு பேருக்கு மட்டும், யார் என்று அவர்களுக்குத் தெரியும். போன வருடம் பிப்ரவரி 16ஆம் தேதி நீங்கள் பதினான்கு மணி நேரம் உள்ளே இருந்தீர்கள். வெளியே வந்தபோது இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குகையின் மேல்தளத்துக்கு உங்கள் இருவரைத் தவிர யாரும் போனதில்லை. உங்கள் சர்வே நோட்டு 31ஆம் நிலையத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் பாதை இருக்கிறதா, சுவரா என்று ஒரு சொல்கூட இல்லை. இந்த வருடம் அங்கே போகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். தட்டச்சுப் பிரதியில் தேதியை மட்டும் போட்டு இரண்டு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். ரயிலில் இரண்டு ராத்திரிக்கு மேல் இருக்கிறது. சண்டையை விட்டுவிட்டு, 31க்கு அப்பால் இருப்பதை எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
மூன்று வருடம் லாக் புக் பார்த்தவன்